ஒய் எழுத்துப் போட்ட நோட்டு

2015, ஜூலை மாதத்தின் முதல் வாரம். ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டிப் போகும் ரோட்டில் எனக்கு ஒரு சின்ன மருந்துக்கடை. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பார்மசி டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து அந்தக் கல்லாவுக்குப் பின்னால்தான் என் வாழ்க்கை ஓடுகிறது. காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் பெண்கள் இடுப்பு வலி மாத்திரைக்கு வருவார்கள். பத்து மணிக்கு மேல் லாரி டிரைவர்கள். எப்போதாவது கப்பலிலிருந்து இறங்கிவரும் வெளிநாட்டுக்காரர்கள்.

எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வெளிநாட்டு நோட்டு ஒன்றும் புதிதில்லை. கப்பல்காரர்கள் டாலரைக் கொடுத்து இருமல் மருந்து வாங்குவார்கள், நாங்களும் வாங்கிப் போட்டுக்கொண்டு பாரிமுனையில் மாற்றிக்கொள்வோம். சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் புத்தகத்தைப் புரட்டியதில்லை. நானும் புரட்டியதில்லை. இந்த அனுபவத்தைச் சொல்லும்போது அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை காலை ஒரு வேன் வந்து கடை முன்னால் நின்றது. கப்பல் ஏஜென்சி வேன். டிரைவர் எனக்குத் தெரிந்தவர், அடிக்கடி யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார். அன்று இறங்கியவர் ஐம்பது வயதை ஒட்டிய வெள்ளைக்காரர். எண்ணூரில் நிலக்கரி இறக்க வந்த கப்பலில் இன்ஜினியர் என்று டிரைவர் சொன்னார். எந்த நாடு என்று கேட்டதற்கு கிரீஸ் என்றார். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

அவர் பர்சிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். கூடவே டாக்டர் சீட்டு. சீட்டில் இருந்த எழுத்து எனக்கு ஜிலேபி. ஆனால் அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. வலிப்பு மாத்திரை. யாருக்கு என்று கேட்டேன். மகளுக்கு என்று சொல்லி, தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்து உயரம் காட்டினார். எட்டு வயது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் சமமாக வராது என்பதால் நன்றாகப் பேசிக்கொள்ள முடிந்தது. அவர் ஊரில் பேங்க்கெல்லாம் மூடிவிட்டார்களாம். ஏடிஎம் மிஷினில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு. மருந்துக்கடைகளில் சரக்கு வருமோ வராதோ என்று பயம். வீட்டில் மாத்திரை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மனைவி செய்தி அனுப்பியிருக்கிறார். இவருக்கு ஒப்பந்தம் முடிகிறது. சனிக்கிழமை மத்தியானம் கப்பல் கிளம்பி, கொழும்பில் இவர் இறங்கி, விமானத்தில் வீடு. போகும்போது ஆறு மாத மருந்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

வலிப்பு மாத்திரையை ஒருவேளை விட்டாலே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கடை வாசலிலேயே ஒருவர் வலிப்பு வந்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உடனே சரி என்றேன். ஆனால் அவ்வளவு ஸ்டாக் என்னிடம் இல்லை. நாளை சாயங்காலம் வாருங்கள், யானைக்கவுனியில் மொத்தக்கடையிலிருந்து எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி, என்னிடம் இருந்த ஓர் அட்டையைக் காட்டினேன்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய காலி அட்டையில் ஒரு பெயர், என் அட்டையில் வேறு பெயர். நிறமும் வேறு. முகம் சுருங்கிவிட்டது. இது எனக்குத் தினமும் நடக்கிற கதை. கம்பெனி மாறினால் மாத்திரையே மாறிவிட்டது என்று சண்டைக்கு வராத வாடிக்கையாளர் யார்? எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். வெளியே பெயர்தான் வேறு, உள்ளே மருந்து ஒன்றுதான், என்னை நம்புங்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது "அவுட்சைடு டிஃபரென்ட், இன்சைடு சேம்" என்று வந்தது. ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையசைத்து, சரி என்றார்.

மகளுடைய மாத்திரை விஷயத்தில், முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் அரைகுறை ஆங்கிலத்தை நம்பி அவர் சரி என்றார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானமே முப்பத்தாறு அட்டைகளை எடுத்துவந்து ஒரு பெரிய கவரில் போட்டு வைத்துவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு அதே வேனில் வந்தார். அந்த நேரம் பார்த்து என் கொழுந்தனாரும் கடையில் இருந்தார்.

என் கொழுந்தனாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டுக்காரரின் தம்பி. துறைமுகத்தில் சரக்கு கிளியர் செய்கிற ஆபீஸில் வேலை. அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தெரியாவிட்டாலும் சொல்வார். மனசு மட்டும் தங்கம். அன்று கடை டீவியில் கிரீஸ் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. மிஷின் வாசலில் வரிசை, ஒரு பெரியவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார், ஒரு பக்கம் கொடி, ஒரு பக்கம் கோஷம்.

இன்ஜினியர் டீவியைக் கையால் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க ஓட்டு என்றார். எந்தக் கட்சிக்கு என்று கேட்டேன். கட்சிக்கு இல்லையாம். கடன் கொடுத்தவர்கள் போடுகிற நிபந்தனைகளை ஒத்துக்கொள்ளலாமா, வேண்டாமா என்று ஜனங்களையே கேட்கிறார்களாம். ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று. ஒத்துக்கொண்டால் பென்ஷன் குறையும், வரி ஏறும். ஒத்துக்கொள்ளாவிட்டால் யூரோவே கையைவிட்டுப் போகலாம், பழைய காசு திரும்ப வரலாம். வராமலும் போகலாம். ஓட்டுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு வக்கீலும் ஒரு வாத்தியாரும் வேண்டும் என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. நம் ஊர் ஓட்டு என்றால் சின்னம் இருக்கும், அமுக்கிவிட்டு விரலில் மையோடு வரலாம். சின்னமே இல்லாமல், ஒரு நாட்டின் காசு என்னவாகும் என்பதற்கு எப்படி ஓட்டுப் போடுவது? உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டேன். மனைவி இல்லை பக்கம், அப்பா ஆமா பக்கம், ஒரே சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்றார். நீங்கள் என்றேன். நான் கப்பலின் அடியில் இன்ஜின் ரூமில் இருக்கிறேன், எனக்கு ஓட்டே கிடையாது என்றார். அப்புறம் திடீரென்று, மேடம், நீங்களாக இருந்தால் என்ன போடுவீர்கள் என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்ட மாதிரி தெரியவில்லை. உண்மையிலேயே யாராவது சொன்னால் தேவலை என்பது போலக் கேட்டார். நான் மாத்திரைக் கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

பணம் கொடுக்கும் நேரம் வந்தது. சம்பளத்தை வீட்டுக்கே அனுப்பிவிடுவதால் கையில் டாலர் இல்லை, வீட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த யூரோதான் இருக்கிறது என்று சொல்லி, ஏழு பத்து யூரோ நோட்டுகளைக் கல்லாமேல் வைத்தார். ஆறு மாத மருந்துக்கு அது சரியாக இருக்கும். மிச்சத்துக்குக் கொஞ்சம் சில்லறை கொடுக்க வேண்டும்.

நான் நோட்டைத் தொடுவதற்குள் கொழுந்தனார் என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணி, நில்லு நில்லு. டீவில இன்னா சொல்லிகினு கீறான், பாத்தியா? ஞாயித்துக்கெழம ஓட்டு முடிஞ்சா அவன் நோட்டு அவ்ளோதான்."

"யூரோதானே இது? எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதானே?"

"அதான் இல்ல. பின்னாடி நம்பர் கீதுல்ல, அதுக்கு முன்னாடி ஒரு எழுத்து கீது பாரு. ஒய்னு இருந்தா கிரீஸ் அட்சது. அது செல்லாக்காசு ஆயிடும். மத்த எழுத்து ஓகே. எங்க ஆபீஸ்ல ஒருத்தரு சொன்னாரு. ஒய்ய மட்டும் திருப்பிக் குட்துரு, பேஜாரு வாணாம்."

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். நிஜமாகவே எழுத்து இருந்தது! எழுத்து இருந்ததாலேயே அவர் சொன்ன மற்றதும் நிஜம் என்று தோன்றிவிட்டது. காலாவதித் தேதி பார்த்துப் பார்த்தே பழகிய கண் இது. எந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைத்தான் தேடும். நோட்டுக்கும் ஒரு காலாவதி உண்டு, அது ஞாயிற்றுக்கிழமை என்று யாரோ சொன்னதும் மூளை அப்படியே பிடித்துக்கொண்டது. அந்த மாதம் என் மகளுக்கு ஸ்கூல் பீஸ் வேறு கட்ட வேண்டியிருந்தது. பயந்துவிட்டேன், அதுதான் உண்மை.

அவர் கண் முன்னாலேயே நோட்டுகளைப் பிரித்தேன். ஒய், ஒய், ஒய் என்று ஒரு பக்கம் சேர்ந்தது. கடைசியில் செல்லும் என்று நான் எடுத்துவைத்தது ஒரே ஒரு நோட்டு. மற்ற ஆறையும் அவர் பக்கம் தள்ளினேன். கொழுந்தனார் தன்னுடைய ஆபீஸ் ஆங்கிலத்தில் விஷயத்தை விளக்கினார். ஒய் நோ குட், சார். சண்டே ஃபினிஷ்.

அவர் ஆறு நோட்டையும் பார்த்தார். டீவியைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "இன்சைடு சேம், மேடம்" என்றார்.

என்னுடைய வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அது விளங்கவே இல்லை. ஏதோ கெஞ்சுகிறார் என்று நினைத்து, சாரி சார், சாரி சார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. ஆறு நோட்டையும் எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றைத் தனியே எடுத்து, எழுத்தின் மேல் விரலை வைத்து எனக்குக் காட்டினார். அது ஒய் இல்லை, வி. அவசரத்தில் நான்தான் தப்பாகப் பார்த்திருக்கிறேன். ஸ்பெயின் என்றார். நீங்கள் சொல்கிற கணக்குப்படி இது நல்ல நோட்டு என்று சொல்லி, அதைக் கல்லாமேல் நான் வைத்திருந்த நோட்டின் மேல் சரியாகப் பொருத்தி வைத்தார்.

ஆக, இரண்டு நோட்டு. நான் கால்குலேட்டரைத் தட்டினேன். மாற்றும்போது நஷ்டம் வரக் கூடாதே என்று ரேட்டையும் கொஞ்சம் குறைத்தே போட்டேன். பதினோரு அட்டை வந்தது. அதற்கு மேல் முப்பத்தைந்து ரூபாய் மிச்சம். அதற்கு மூன்று மாத்திரை. கத்தரிக்கோலை எடுத்து, பன்னிரண்டாவது அட்டையில் மூன்று மாத்திரையை மட்டும் வெட்டி எடுத்து, கவரில் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் பக்கம் அட்டையை வெட்டுவது வழக்கம்தான். ரெண்டு குடு, மூணு குடு என்பார்கள், வெட்டிக் கொடுப்போம். ஆனால் அவர் அந்த மூன்று மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பார்வை! இந்த ஊரில் இப்படியும் ஒரு வியாபாரமா என்று கேட்பது போல இருந்தது. தேங்க்யூ என்றார். வேன் போய்விட்டது. கொழுந்தனார் டீக்குச் சொல்லி அனுப்பினார். பெரிய நஷ்டத்திலிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டதில் அவருக்குத் திருப்தி. எனக்கும்தான்.

சனிக்கிழமை காலை கடையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த இரண்டு நோட்டை மாற்றப் பாரிமுனைக்குப் போனேன். லைசென்ஸ் வைத்துப் பல வருடமாக நோட்டு மாற்றித் தருகிற கடை. அங்கே கண்ணாடி போட்ட பாய் ஒருவர் இருப்பார். அவர் நோட்டைச் சும்மா இப்படி அப்படிப் பார்த்துவிட்டு ரூபாயை எண்ண ஆரம்பித்தார். என் ரேட்டைவிட அதிகமாகவே வந்தது. வாய் சும்மா இருக்குமா? பாய், ஒய் எழுத்துப் போட்ட நோட்டு வந்தா என்ன பண்ணுவீங்க என்று கேட்டேன்.

"இன்னா பண்ணுவாங்க? வாங்கிப்பேன்."

"நாளைக்கு ஓட்டுக்கு அப்புறம் அது செல்லாதுன்னாங்களே?"

பாய் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யாரும்மா உன்கிட்ட இப்டிக் கத உட்டது? அந்த நாடு யூரோவ உட்டு வெளிய போனாலும், கையில கீற யூரோ யூரோதான். எழுத்து எந்த நாட்டுக் கணக்குல அட்சதுன்னு சொல்றதுக்கு. ஒய்யும் ஒண்ணுதான், எக்ஸும் ஒண்ணுதான். பேருதான் வேற."

பேருதான் வேற. அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. வெளியே பெயர்தான் வேறு, உள்ளே மருந்து ஒன்றுதான் என்று எத்தனை வருடமாக, எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அதை நம்பித்தானே அந்த மனுஷன் சரி என்றார்? அதே வார்த்தையை அவர் என்னிடம் சொன்னபோது நான் என்ன செய்தேன்? கத்தரிக்கோலை எடுத்தேன். பாரிமுனை வெயிலில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம்தான், வேறென்ன.

மணி பதினொன்று. மத்தியானம் கப்பல் கிளம்புகிறது என்று சொன்னது ஞாபகம் வந்தது. கடைக்கு ஓடினேன். மொத்தக்கடைக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக மீதி அட்டைகளை அதே கவரில்தான் வைத்திருந்தேன். இருபத்துநான்கு முழு அட்டை. வெட்டிய அட்டையில் மிச்சமிருந்த ஏழு மாத்திரை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். எங்கே என்று கேட்ட வீட்டுக்காரரிடம் எண்ணூர் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் ரோட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்டையார்பேட்டை தாண்டியதுமே கண்டெய்னர் லாரி வரிசை ஆரம்பித்துவிட்டது. திருவொற்றியூரில் அசையவே இல்லை. ஆட்டோக்காரர் சந்துக்குள் நுழைந்து, மீன் காயப்போட்டிருந்தவர்களிடம் திட்டு வாங்கி, மறுபடி ரோட்டுக்கு வந்து, எர்ணாவூர் தாண்டிச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கேட்டில் காவலுக்கு இருந்தவர் பாஸ் இருக்கிறதா என்று கேட்டார். மருந்துக் கவர்தான் இருக்கிறது என்றேன். உள்ளே விடவில்லை. அவர் வேலை அது.

நல்ல காலம், கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அந்த ஏஜென்சி வேன் டிரைவர் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கவரை அவர் கையில் திணித்து விஷயத்தைச் சொன்னேன். கடைசிப் பேப்பர் கையெழுத்து வாங்க இப்போதுதான் கப்பலுக்குப் போகிறேன், கொடுத்துவிடுகிறேன் என்றார். கவரின் மேல் ஏதாவது எழுத வேண்டும் போல இருந்தது. பேனாவை வாங்கி, யோசித்து, ஆங்கிலத்தில் "இன்சைடு சேம், சாரி" என்று எழுதினேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ளவே இல்லை.

டிரைவர் திரும்பி வரும்வரை அங்கேயே வெயிலில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"குட்துட்டேன்மா. நீ வூட்டுக்குப் போ."

"அவர்கிட்டயே குடுத்தீங்களா?"

"படிக்கட்டத் தூக்கிகினு இருந்தாங்கோ. வெள்ளையா ஒருத்தரு எட்டிப் பாத்தாரு, மேல தூக்கிக் குட்தேன், வாங்கிகினாரு."

"நேத்து கடைக்கு வந்தாரே, அவருதானா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அவரு மாதிரிதான் இருந்துது. ஆனா ஹெல்மெட்டு போட்டுகினு கீறானுங்க, எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியறானுங்கோ. குட்துருவாரும்மா. மருந்துதானே, யாரு வச்சிக்கப் போறாங்க?"

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். ஆனால் கவர் சரியான கைக்குத்தான் போனதா என்பது அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் திங்கட்கிழமையும் டீவியைவிட்டு நான் நகரவில்லை. எங்கள் வீட்டில் வார்டு எலெக்‌ஷனுக்குக்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. "இல்லை" ஜெயித்துவிட்டது. சதுக்கத்தில் கொடி பிடித்து ஆடினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணும் எட்டு வயதுக் குழந்தையும் தெரிகிறார்களா என்று தேடினேன். முகமே தெரியாதவர்களை எப்படித் தேடுவது? இருந்தாலும் தேடினேன். ஒரு வாரம் போயிற்று. அந்த அரசாங்கமே உட்கார்ந்து பேசி, ஜனங்கள் வேண்டாம் என்று சொன்னதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொண்டது என்று செய்தி வந்தது. யூரோ அப்படியே இருந்தது.

கொழுந்தனாரே ஆடிப்போய்விட்டார். "இல்லன்னு ஓட்டுப் போட்டாங்கோ, ஆமான்னு கையெழுத்துப் போட்டாங்கோ. அப்பறம் இன்னாத்துக்கு அண்ணி ஓட்டு?" என்றார். எல்லாம் தெரிந்த அவருக்கே தெரியவில்லை என்றால் நான் எம்மாத்திரம். அவரை நான் திட்டவில்லை. அவர் வாயால்தான் சொன்னார், கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் கொஞ்ச நாளில் மறந்திருப்பேனோ என்னவோ. அடுத்த வருடம் நவம்பரில் நம் ஊரிலேயே ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வாரம் மருந்துக்கடைகளில் டாக்டர் சீட்டைக் காட்டினால் பழைய நோட்டை வாங்கலாம் என்றார்கள். நான் வாங்கினேன். கல்லா முழுக்கப் பழைய ஐந்நூறு. இன்சுலின் தீர்ந்துவிட்டது. சரக்கு எடுக்க யானைக்கவுனி மொத்தக்கடைக்குப் போனேன். பல வருடமாகப் போகிற கடை. என்னைப் பார்த்தாலே தங்கச்சி வா என்பார் அந்த முதலாளி.

வேண்டியதையெல்லாம் எடுத்து மேஜைமேல் அடுக்கிவிட்டார். நான் பணத்தை வைத்தேன். அவர் என் கண் முன்னாலேயே நோட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தார். நூறு ஒரு பக்கம், பழைய ஐந்நூறு ஒரு பக்கம். ஐந்நூறையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு, "தப்பா எட்துக்காத தங்கச்சி. பேங்க்ல போடலாந்தான், எனுக்குத் தெரியும். ஆனா எங்கிட்ட ஏற்கெனவே மூட்டையா கீது. நாளைக்கு இன்னா சொல்வாங்களோ, பயமா கீது" என்றார். அடுக்கிய பெட்டிகளில் பாதியை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து ஷெல்பில் வைத்தார்.

என் காது சுட்டது. அது நான் உழைத்த பணம். நேற்றுவரை இதே மேஜையில் சிரித்துக்கொண்டே வாங்கிய பணம். திருப்பித் தந்த நோட்டுகளை எடுத்து எண்ணினேன். ஐந்நூறுகளுக்கு நடுவில் ஒரு நூறு ரூபாய் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதைத் தனியே எடுத்து, அவர் பக்கம் இருந்த நூறுகளின் மேல் சரியாகப் பொருத்தி வைத்தேன். இது செல்லும் என்றேன்.

வைத்த பிறகுதான் என் விரல்களைப் பார்த்தேன். ஒரு வருடமாக, அந்த இன்ஜினியர் எவ்வளவு நேர்மையான மனிதர், எவ்வளவு பெருந்தன்மை என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குள் பெருந்தன்மை ஒரு துளிகூட இல்லை. இருந்ததெல்லாம் கோபம். என் காசைச் செல்லாது என்று தள்ளினாயே, செல்லுகிற காசையே நீ பார்க்கவில்லை, பார் என்கிற கோபம். அவரும் அப்படித்தான் வைத்தாரா? அல்லது அவர் நிஜமாகவே நல்லவர், நான்தான் என் அளவுக்கு அவரை இறக்கிப் பார்க்கிறேனா? தெரியவில்லை. மொத்தக்கடைக்காரரும் கெட்டவர் இல்லை. பயந்தவர். நான் எப்படிப் பயந்தேனோ அப்படி. அவர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாமல், பாதிச் சரக்கோடு திரும்பினேன்.

அந்த வாரம் முழுக்க, சீட்டோடு பழைய நோட்டைக் கொண்டுவந்த ஒருவரைக்கூட நான் திருப்பி அனுப்பவில்லை. இருக்கிற மருந்தை முழு அட்டையாகவே கொடுத்தேன். பேங்க்கில் நாலு மணி நேரம் வரிசையில் நின்றேன், அது வேறு கதை. இது ஏதோ பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கையில் கத்தரிக்கோலை எடுக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் குழந்தைக்கு எத்தனை வயதாகியிருக்கும் என்று அவ்வப்போது கணக்குப் போட்டுப் பார்ப்பேன். எண்ணூரிலிருந்து யாராவது கப்பல்காரர் வந்தால் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்ப்பேன். கிரீஸில் அந்த ஓட்டுச் சீட்டில் என்ன கேட்டார்கள், ஜனங்கள் என்ன சொன்னார்கள், கடைசியில் எது நடந்தது என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்ஜினியர் என் கல்லாமேல் வைத்த கேள்வியில் ஒரு குழப்பமும் இல்லை. உன்னை நம்பியவரை நீ நம்புகிறாயா என்பதுதான் கேள்வி. நான் இல்லை என்று ஓட்டுப் போட்டேன். மறுநாள் அதை மாற்றிப் போட எண்ணூர்வரை ஓடினேன். அந்த ஓட்டை யாராவது எண்ணினார்களா என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.